அம்மப்பாட பழைய பிஎஸ்ஏ பான்டம், வீட்டில வெச்சே திருத்தி எடுக்க ஏலுமா?

ஆரையூரான்:

வணக்கம் எல்லாருக்கும். ஆரையம்பதியில இருந்து எழுதுறன். எங்கட அம்மப்பா கல்லோயாத் திட்டம் நடக்கக்குள்ள அங்க ஓவசியரா இருந்தவர், ஊருக்கும் அம்பாறைக்கும் ஓடித்திரியிறதுக்கு எண்டு அப்ப எடுத்த பிஎஸ்ஏ பான்டம் 125 மோட்டச்சைக்கிள் ஒண்டு இருக்கு. வீடு அம்மாக்கு சீதனமா எழுதினது, கொட்டிலுக்குள்ள நிண்ட பைக்கும் வீட்டோட சேந்து எங்களுக்கு வந்திட்டு. அது ஓடி நான் கண்டதே இல்ல. இப்ப கொட்டில இடிச்சு கட்டப்போறம், அதால வெளிய எடுத்தம், எடுத்து வெயிலுக்குள்ள நிப்பாட்டி தூசி தட்டிப் பாத்தாப்பிறகு எனக்கு அத விட மனமில்ல.

நிலமைய சொல்றன். கிக்கர் அசையுதே இல்ல, மெசின் இறுகிப்போய் கிடக்கு. டேங்குக்குள்ள டோச் அடிச்சுப் பாத்தா முழுக்க கறள். ரெண்டு டயரும் வெடிச்சு உதிருது, சீற்றில கம்பி மட்டும்தான் மிச்சம், ஹெட்லைட் கண்ணாடி இல்ல. ஆனா காபரேற்றர், மெக்னற், சைலன்சர் எல்லாம் அதிலயே பூட்டினபடி இருக்கு, ஒருத்தரும் கழட்டி எடுக்கல்ல. துடைச்ச இடத்தில இளம்பச்சை பெயின்ட் தெரியுது, டேங்குட பக்கத்தில வெண்ணெய் நிறம் மாதிரி ஒண்டு. நம்பர் பிளேட்டில ஈ.என் எண்டு இங்கிலிஸ் எழுத்து ரெண்டும் நம்பரும் இருக்கு, ஸ்ரீ இல்ல. இன்னொண்டு முக்கியமா சொல்லோணும், 2004 சுனாமியில கொட்டிலுக்குள்ள தண்ணி வந்தது, மெசின் மூடுப்பட்டிருக்கும் எண்டுதான் அம்மா சொல்றா.

மாமா சொல்றார் கொழும்பில ஒரு ஆள் கேட்டிருக்கு, குடுத்திட்டு ஒரு ஸ்கூட்டிய எடு எண்டு. அம்மா வாய் திறக்கிறா இல்ல, ஆனா விக்கிற கதை வந்தா எழும்பிப் போயிருவா. எனக்கு சைக்கிள், வீட்டு மோட்டர் எல்லாம் கழட்டிப் பூட்டத் தெரியும், மோட்டச்சைக்கிள் மெசின் பிரிச்சதில்ல. எங்க இருந்து தொடங்கிறது, எத நான் வீட்டில செய்யலாம், எத வெளிய குடுக்கோணும், பெயின்ட்ட சுரண்டி புதுசா அடிக்கிறதா எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.

பாலத்தடி பைக்கர்:

மச்சான் சூப்பர் சாமான் கையில கிடக்கு, விக்காத. பிளக்க கழட்டி உள்ளுக்க டீசல் ஊத்தி ரெண்டு மூண்டு நாள் விட்டுப்போட்டு கியர்ல போட்டு ஆட்டு, லூஸ் ஆயிரும். புது பிளக், புது பெற்றோல், அவ்வளவுதான், அந்தக் காலத்து இரும்பு லேசில சாகாது. ஓடத் தொடங்கினாப்பிறகு முழுசா சாண்ட் பிளாஸ்ட் அடிச்சு கறுப்பும் குறோமும் போட்டா கல்லடிப் பாலத்தால போகக்குள்ள எல்லாரும் திரும்பிப் பாப்பானுகள்.

கல்முனை லேத்:

தம்பி, மேல சொன்ன ஆள் ஆசையில சொல்றார், ஆனா உங்கட பைக்குக்கு அது சரிவராது. கொட்டிலுக்குள்ள சும்மா நிண்டு இறுகின மெசினும் உப்புத்தண்ணி குடிச்சு இறுகின மெசினும் ஒண்டில்ல. சும்மா நிண்டது எண்டா றிங் மட்டும் போரோட, அதாவது பிஸ்ரன் ஓடுற உருளைட உள்சுவரோட, ஒட்டி இருக்கும், எண்ணெய் ஊத்தி ஊறவெச்சா விடும். உப்புத்தண்ணி போனா அது கீழ கிராங் கேசுக்குள்ள இறங்கி நிண்டிருக்கும், டூ ஸ்ரோக் மெசின்ல கிராங்குக்கு எண்டு தனி எண்ணெய் இல்ல, பெற்றோலோட கலந்து வாற எண்ணெய்தான் பெரிங்குக்கு, அதால அங்க காக்கிறதுக்கு ஒண்டும் இருக்காது, போல் பெரிங்ட குண்டிலயும் ஓட்டத்திலயும் கறள் குழி விழுந்திருக்கும். பிஸ்ரன் லூஸ் ஆகி கிக் அடிச்சு ஸ்ராட்டும் ஆகலாம், ஆனா அந்தக் கறள் தூள் மெசினுக்குள்ள சுத்தி போரையும் பெரிங்கையும் திண்டுபோட்டுத்தான் வெளிய வரும். அதனால மெசினை பிளக்காம ஸ்ராட் பண்ண வேணாம், எவ்வளவு ஆசை வந்தாலும்.

வீட்டில நீங்க செய்யிற வேலை இதுதான். முதல்ல போன்ல படம் எடுங்க, ஒவ்வொரு பக்கமும், ஒவ்வொரு வயரும் கேபிளும் எதுக்குள்ளால போகுது எண்டு தெரியிற மாதிரி. பிறகு பிளக் ஓட்டையால எண்ணெய் விடுங்க, கியர் ஒயிலும் டீசலும் பாதிக்குப் பாதி கலந்து விட்டா நல்லா ஊறும், ரெண்டு கிழமைக்கு அத தொடாதீங்க, இடைக்கிட கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொண்டே இருங்க. அதுக்குப் பிறகு ஹெட்ட கழட்டி எடுங்க, நாலு நட்டுத்தான். பிஸ்ரன் எந்த உயரத்தில நிக்குது எண்டு பாருங்க. மேல சுத்தியலால குத்த வேணாம், பிஸ்ரன் அலுமினியம், போர் வார்ப்பிரும்பு, குத்தினா பிஸ்ரன் உடையும், கொன்ரொட் வளையும். கட்டையும் றப்பர் சுத்தியலும் வெச்சு பரல, அதாவது பிஸ்ரனுக்கு வெளியால இருக்கிற உருளைய, சுத்திவர மெதுவா தட்டி மேல எழுப்புறதுதான் முறை, வராட்டி பரலுக்கு வெளியால கொதிதண்ணி ஊத்தி திரும்ப தட்டிப் பாருங்க.

ஸ்பனர் பத்தியும் சொல்லோணும். உங்கட்ட இருக்கிறது மில்லிமீற்றர் ஸ்பனர் எண்டா வைக்க வேணாம், நட்டுட மூலை எல்லாம் வழுகிப் போயிரும். அது விட்வேர்த் சைஸ், பழைய இங்கிலிஸ் கார் லொறி திருத்தின பாஸ்மார்ட்ட ஒரு செட் கிடக்கும், இரவல் கேளுங்க. ஆணிட திரெட்டும் வேற, கனக்க இடத்தில ஒரு அங்குலத்துக்கு 26 திரெட் வாற சைக்கிள் திரெட்தான், ஜப்பான் ஆணிய முறுக்கி ஏத்தினா அந்த ஓட்டை அதோட போச்சு. ஒரு ஆணி துலைஞ்சா பழச ஒண்ட கொண்டுவாங்க, லேத்தில கடைஞ்சு எடுக்கலாம்.

கேஸ பிளந்தாப்பிறகு கிராங்க அப்பிடியே துணியில சுத்திக் கொண்டுவாங்க, அத வீட்டில பிரிக்க ஏலாது, பிரஸ்ல வெச்சு அமத்தினது, திரும்ப பூட்டி டயல் கேஜ்ல ஓட்டம் பாக்கோணும். பரலையும் கொண்டுவாங்க, போர் 52 மில்லிமீற்றர், மேலயும் நடுவிலயும் கீழயும் அளந்து பாத்தாத்தான் றிங் மட்டும் போதுமா ஓவர்சைஸ் பிஸ்ரன் போடோணுமா எண்டு சொல்லலாம். பெரிங்குக்கு பயப்பட வேணாம், பக்கத்தில நம்பர் வெட்டி இருக்கும், அத சொன்னா பெரிங் கடையில எடுக்கலாம். 6203 எண்டு இருந்தா உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12, எந்த நாட்டில செஞ்சாலும் அதுதான் அளவு. சூட்டில ஓடுற மெசின் எண்டபடியா சி3 எண்டு போட்டத, உள்ளுக்க இடைவெளி கொஞ்சம் கூடினத, கேட்டு எடுங்க.

மீன்பாடும் தேன்நாடு:

தம்பி ஆரையூரான், நீங்க எழுதினத வாசிச்ச உடன கதிரைய விட்டு எழும்பிட்டன். இளம்பச்சையும் வெண்ணெய் நிறமும் எண்டா அது பிஎஸ்ஏ கொம்பனி டி1 எண்ட முதல் பான்டமுக்கு அடிச்ச மிஸ்ட் கிரீன், டேங்கில ஐவரி. அந்த பெயின்ட் இன்னும் உசிரோட இருக்கு எண்டா அத சுரண்டவே சுரண்டாதீங்க. புது பெயின்ட் எப்பவும் அடிக்கலாம், அம்மப்பா ஓட்டின பெயின்ட் ஒருக்காத்தான். பின்னால விக்கிறது எண்டாலும் விசயம் தெரிஞ்ச ஆக்கள் மினுக்கின பைக்க விட ஆரும் தொடாத பைக்குக்குத்தான் ஆசப்படுவாங்க. கறுப்பும் குறோமும் போட்டா அது இன்னொரு பைக், உங்கட அம்மப்பாட பைக் இல்ல.

இந்த பான்டம்ட கதை தெரியுமா? இது முதல்ல ஜெர்மன் மெசின். டிகேடபிள்யூ கொம்பனி 1939ல கொண்டுவந்த ஆர்டி 125 எண்ட பைக்ட வரைபடங்கள் உலகப்போர் முடிய நட்டஈட்டுக் கணக்கில வெண்ட நாடுகளுக்குப் போச்சு. இங்கிலாந்தில பேர்மிங்ஹாம் பிஎஸ்ஏ அத எடுத்து, கியர் வலது காலுக்கு வரோணும் எண்டதுக்காக கண்ணாடியில பாக்கிற மாதிரி இடம் வலம் மாத்தி, 1948ல பான்டம் எண்டு விட்டது. அதே படத்த வெச்சு அமெரிக்காவில ஹார்லி டேவிட்சன் 125 செஞ்சது, ரஷ்யாவில மொஸ்க்வா எண்டு வந்தது, 1955ல யமகா செஞ்ச முதலாவது மோட்டச்சைக்கிள் வைஏ-1 அதுவும் இதே குடும்பம்தான். 125 எண்டு சொன்னாலும் 52 போர், 58 ஸ்ரோக், கணக்குப் பாத்தா 123 சிசி, மூண்டு கியர். இங்கிலாந்தில தந்தி குடுக்கிற பொடியன்மாருக்கு தபால் திணைக்களம் குடுத்தது இந்த பைக்தான். எங்கட கொட்டிலுக்குள்ள கிடக்கிறது அந்தப் பரம்பரை.

நம்பர் பிளேட்டப் பத்தி. ஈ.என் எண்டுறது சிலோன் எண்ட இங்கிலிஸ் சொல்லுக்குள்ள இருக்கிற எழுத்துக்கள எடுத்துப் போட்ட பழைய வரிசை. 1957ல தான் நம்பர் பிளேட்டில சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது, அத எதிர்த்து எங்கட பக்கம் தார் பூசின கதை எல்லாம் உங்களுக்குத் தெரியும். அப்ப உங்கட பைக் அதுக்கு முந்தினது. கல்லோயா சபை 1949ல தொடங்கினது, அம்மப்பா அங்க வேலை செஞ்ச காலத்தோடயும் ஒத்துப்போகுது. பின் சில்லு அச்சுக்குப் பக்கத்தில ரெண்டு பக்கமும் நிமித்தின குழாய்க்குள்ள ஸ்பிரிங் இருக்கா பாருங்க, இருந்தா பிளஞ்சர் பிறேம், அது 1950க்குப் பிறகு. இல்லாட்டி றிஜிட். மெசின் நம்பரும் பிறேம் நம்பரும் எடுத்து வையுங்க, பிறேம் நம்பர் ஹாண்டில் கழுத்துப் பக்கம் அடிச்சிருக்கும். கறள் எடுக்கிறன் எண்டு கிரைண்டரால அந்த இடத்த தேச்சிராதீங்க, கையால பெற்றோல் துணி மட்டும். அந்த நம்பர் அழிஞ்சா பதிவு வேலை எல்லாம் சிக்கல்.

பதிவு எண்டுதான் கேக்கோணும், சீ.ஆர் புத்தகம், அதான் வாகனப் பதிவுப் புத்தகம், இருக்கா? அம்மப்பாட பெட்டி, பழைய உறுதிக் கட்டு, பைபிள், பஞ்சாங்கம் எதுக்குள்ளயாவது இருக்கும், தேடுங்க. அவர்ட பேர்லயே இருந்தா மரணச் சான்றிதழும் உரித்தாளிகள்ட கையெழுத்தும் எடுத்து பேர் மாத்த வேண்டி வரும், அந்த வேலைய மெசின் வேலையோட சேத்து இப்பவே தொடங்குங்க. அதுக்கு மாமாட கையெழுத்தும் தேவைப்படலாம், அதால அவரோட கோவிக்காம கதையுங்க. பைக் றெடி ஆகி பேப்பர் இல்லாட்டி பிரதேச செயலகத்தில வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க ஏலாது, வளவுக்குள்ளதான் சுத்தலாம்.

மற்றது டச்பார் பக்கம் ஒருக்கா போய்ப் பாருங்க. மட்டக்களப்பு பறங்கியர் பரம்பரையா இரும்பு வேலையும் தச்சு வேலையும் செஞ்ச ஆக்கள், இந்த மாதிரி இங்கிலிஸ் பைக்குகள கையால தொட்ட வயசான பாஸ்மார் ஆராவது இருந்தா கதைச்சு வையுங்க. அவையள்ட கை வேலை புத்தகத்தில இல்ல.

ஆரையூரான்:

கல்முனை லேத் காக்கா, மீன்பாடும் தேன்நாடு அண்ணன், ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. பிளஞ்சர்தான், ஸ்பிரிங் குழாய் இருக்கு. அம்மாட்ட கேட்டன், அம்மப்பாட தகரப் பெட்டிய எடுத்துத் தந்தா, உள்ளுக்க சீ.ஆர் புத்தகமும் பழைய வரித் துண்டுகளும் இருக்கு, கறையான் தொடல்ல. எண்ணெய் ஊத்தி ஊற விட்டிருக்கன். மெசின் ஊறுற நேரத்துக்குள்ள டேங்கையும் காபரேற்றரையும் பாக்கலாம் எண்டு நினைக்கிறன். டேங்க் கறளுக்கு அசிட் ஊத்து எண்டு ஒராள் சொல்லுது, பயமா இருக்கு. டூ ஸ்ரோக் எண்ணெய் எது எண்டும் சொல்லுங்க, இங்க மீன்பிடிச் சாமான் கடையில போட் மெசினுக்கு விக்கிற எண்ணெய்தான் கிடைக்கிது.

திருக்கோவில் அக்கா:

தம்பி, பற்றறி அசிட்டோ கக்கூஸ் கழுவுற அசிட்டோ ஊத்த வேணாம். கறளோட தகரத்தையும் திண்டுபோடும், இருக்கிற ஊசி ஓட்டையெல்லாம் பெரிசாயிரும், அந்தப் புகையும் சுவாசப்பைக்குக் கூடாது. நான் அப்பாட ஹொண்டா சி50 டேங்குக்கு தேங்காய் விநாகிரிதான் பாவிச்சன், கடையில போத்தலா இல்லாம கானா விக்கிறத வாங்கினா மலிவு. பெற்றோல் திறந்து பூட்டுற டப்ப கழட்டி ஓட்டைய அடைச்சு, உள்ளுக்க பழைய சைக்கிள் செயின் துண்டு போட்டு நல்லா குலுக்கினா தடிச்ச கறள் உதிரும், அத கொட்டிப்போட்டு விநாகிரிய விளிம்பு வரைக்கும் நிரப்பி விடு. ஒருநாளுக்கு ஒருநாள் பாத்து கறுத்த தண்ணிய ஊத்திப்போட்டு புதுசா நிரப்பு. உள்ளுக்க சாம்பல் நிறமா வெறும் தகரம் தெரிஞ்சா போதும். பிறகு அப்பச்சோடா கரைச்ச தண்ணியால கழுவோணும், இல்லாட்டி மிச்ச அமிலம் திண்டுகொண்டே இருக்கும். கழுவின உடன நல்ல வெயிலுக்குள்ள வெச்சு காயவிட்டு அந்தச் சூட்டோடயே டூ ஸ்ரோக் எண்ணெய் கொஞ்சம் விட்டு எல்லாப் பக்கமும் உருட்டு. எங்கட கடக்கரைக் காத்துக்கு வெறும் தகரம் ஒரு ராத்திரிக்கே சிவந்திரும்.

விநாகிரி வெளிய வழிஞ்சு அந்த பச்சை பெயின்ட்டில படாம பாத்துக்கொள், பட்டா உடன தண்ணி ஊத்து. காபரேற்றர அதுக்குள்ள போடவே கூடாது, அது துத்தநாகக் கலவை, கரைஞ்சிரும். டேங்கில ஓட்டை இருந்து ஒட்டோணும் எண்டா வெல்டிங் கடைக்கு குடுக்க முதல் தண்ணி நிரப்பிக் குடு, எவ்வளவு பழைய டேங்கா இருந்தாலும் பெற்றோல் ஆவி உள்ளுக்க நிண்டா வெடிக்கும், இதில விளையாட்டில்ல.

பிரேக்கப் பத்தியும் ஆரும் சொல்லல்ல. அந்தக் காலத்து பிரேக் சூவில அஸ்பெஸ்ரஸ் இருக்கும். டிரம்ம திறந்து ஊதிறது, கொம்பிரசர் அடிக்கிறது ரெண்டும் வேணாம், தண்ணி தெளிச்சு ஈரத்துணியால துடைச்சு துணிய பையில கட்டி எறி, சூவுக்கு புது லைனிங் ஒட்டிக்கொள்ளலாம்.

பெயின்ட் சங்கதியில நான் தேன்நாடு அண்ணன்ட கட்சி, ஆனா பச்சை உரிஞ்சு வெறும் இரும்பு தெரியிற இடங்கள அப்பிடியே விட ஏலாது. கறள துடைச்சு எடுத்துப்போட்டு அந்த இடங்களுக்கு மட்டும் பிரைமரும் கிட்டத்தட்ட அதே பச்சையும் தூரிகையால தொட்டு விடு. அதையும் மாரி தொடங்க முதல் செய், ஐப்பசி கார்த்திகையில மழை பிடிச்சா தை வரைக்கும் ஈரம், பெயின்ட்டுக்குக் கீழ தண்ணி கோத்து பொக்களிக்கும். கச்சான் காத்து அடிக்கிற நாளும் சரிவராது, மண் பறந்து ஒட்டும். காத்து விழுந்த நாள் பாத்து காலமையில செய்யிறதுதான் சரி.

வாழைச்சேனை போட் மெசின்:

எண்ணெய் சங்கதிக்கு நான் சொல்றன், என்ட தொழிலே டூ ஸ்ரோக் தான். மீன்பிடிச் சாமான் கடையில விக்கிற எண்ணெய் டப்பாவில டிசி-டபிள்யூ3 எண்டு போட்டிருந்தா அத உங்கட பைக்குக்கு போடாதீங்க. அது தண்ணியால குளிர வைக்கிற அவுட்போட் மெசினுக்குச் செஞ்ச எண்ணெய், அந்த மெசின் கடல் தண்ணி சுத்தி குளிரா ஓடும். பான்டம் காத்தில குளிர்ற மெசின், பரல் சூடு அதவிட நல்லா கூட, அந்த எண்ணெய் அந்தச் சூட்டுக்குத் தாங்காது, பிஸ்ரன் இறுகும். மோட்டச்சைக்கிளுக்கு எண்டு ஜாசோ எஃப்பி இல்லாட்டி எஃப்சி போட்ட 2டி எண்ணெய் இருக்கு. டூ ஸ்ரோக் ஆட்டோ இறக்கிறத 2008ல நிப்பாட்டினாலும் பழைய ஆட்டோவும் புல்வெட்டுற மெசினும் இன்னும் ஓடுது, அதால பெற்றோல் செட்டிலயும் பாட்ஸ் கடையிலயும் கிடைக்கும். புதுசா பூட்டின மெசினுக்கு 1 லீற்றர் பெற்றோலுக்கு 40 மில்லி கலவுங்க, அதாவது 25க்கு 1. கொஞ்சம் புகைக்கும், புகைக்கட்டும். வெளிய போத்தல்ல கலந்து குலுக்கித்தான் டேங்குக்குள்ள ஊத்தோணும்.

லேத் காக்கா சொன்னதோட நான் சேக்கிறது கிராங் சீல். டூ ஸ்ரோக் மெசினுக்கு கிராங் கேஸ்தான் சுவாசப்பை மாதிரி, அது காத்து இழுத்து அமத்தித்தான் மேல அனுப்புது. சீல் காய்ஞ்சு வெடிச்சா காத்து களவா உள்ளுக்க வரும், பெற்றோல் கலவை மெலிஞ்சு மெசின் தானா சத்தம் கூடிப் பறக்கும், பிறகு சூடேறி இறுகும். கிளச் பக்கத்துச் சீல் போனா கியர் எண்ணெய இழுத்துக் குடிச்சு வெள்ளப் புகை தள்ளும், கியர் எண்ணெய் குறைஞ்சுகொண்டே போகும். இவ்வளவு வருசம் நிண்ட சீல் நல்லா இருக்கு எண்டு பாத்தாலும் நம்பாதீங்க, கேஸ் பிளக்கிற நேரம் ரெண்டையும் மாத்துங்க. சீல், றிங், பிஸ்ரன், கேபிள் எல்லாம் இங்கிலாந்தில இண்டைக்கும் புதுசா செஞ்சு விக்கிறாங்க, லண்டன்ல சொந்தக்காரர் ஆரும் இருந்தா வரக்குள்ள சின்னப் பொதியா கொண்டுவரச் சொல்லுங்க. கிளச் பிளேட்டில கோர்க் துண்டுகள் இருக்கும், காஞ்சு உதிர்ந்திருந்தா அதையும் அந்தப் பொதியோட சொல்லிவிடுங்க.

மெக்னற் சில்ல கழட்ட புலர் எண்ட இழுத்துக் கழட்டுற சாமான் வேணும், சுத்தியலால அடிச்சா காந்தத்திட பலம் குறையும், கிராங் நுனியும் சப்பளிஞ்சிரும். கழட்டினாப்பிறகு வெறுமனே மேசையில வைக்காம காந்தத்துக்குக் குறுக்கால ஒரு இரும்புத் துண்டு வெச்சு வையுங்க, பழைய காந்தம் திறந்து கிடந்தா வலு இறங்கும். பொயின்ற் கறுத்திருக்கும், மெல்லிய அரத்தால மட்டம் பாத்து பெற்றோல் துணியால துடைச்சு இடைவெளி 15 தௌ வையுங்க, தௌ எண்டா அங்குலத்தில ஆயிரத்தில ஒரு பங்கு, அதாவது 0.38 மில்லிமீற்றர். கொண்டன்சர யோசிக்காம புதுசு போடுங்க. பிளக் என்.ஜி.கே பி6எச்எஸ் சரிவரும், அந்த எச்எஸ் குடும்பத்து பிளக்க அவுட்போட்டுக்கும் பாவிக்கிறம், எங்கட பக்கத்துக் கடைகள்ல கிடைக்கும். பல்ப் எல்லாம் 6 வோல்ற், 12 வோல்ற் பல்ப் போட்டா மண்ணெண்ணெய் விளக்கு அளவுக்குத்தான் தெரியும்.

காபரேற்றர் ஜெற்ற கம்பியால குத்தாதீங்க, பித்தளை, ஓட்டை பெரிசானா மெசின் பெற்றோல அள்ளிக் குடிக்கும். மெல்லிய தங்கூசி, அதான் மீன்பிடிக்கிற நைலோன் நூல், துண்டு ஒண்டு வெட்டி விட்டு எடுங்க, அடைச்சது எல்லாம் வரும், ஜெற்றுக்கு ஒண்டும் ஆகாது. மிதவைய குலுக்கிப் பாருங்க, உள்ளுக்க பெற்றோல் சத்தம் கேட்டா ஓட்டை, கொதிதண்ணியில அமத்தினா எங்க இருந்து குமிழி வருது எண்டு தெரியும்.

பாலத்தடி பைக்கர்:

உப்புத்தண்ணி சங்கதி எனக்குத் தெரியாது, காக்கா விளங்கப்படுத்தினது நல்லம். பெயின்ட்டுக்கு நான் இன்னும் ஒத்துக்கொள்ளல்ல, அரைவாசி கறளும் அரைவாசி பச்சையுமா ஓட்டிக்கொண்டு போனா சனம் காயலான் கடைச் சாமான் எண்டுதான் நினைக்கும். சரி அது மச்சான்ட பைக், அவன்ட விருப்பம். என்னட்ட விட்வேர்த் ஸ்பனர் செட் ஒண்டு இருக்கு, பெரியப்பா லேலண்ட் பஸ் டிப்போவில வேலை செஞ்சவர், வந்து எடுத்துக்கொண்டு போ, முடிய திருப்பித் தா. மற்றது டயர், 2.75க்கு 19, இங்க சும்மா போய் எடுக்க ஏலாது, 18 தான் எல்லாக் கடையிலயும் தொங்குது, 18ம் 19ம் ஒண்டுதானே எண்டு ஆராவது இழுத்துப் பூட்டித் தாறன் எண்டா விட்டுராத. கொழும்பு பஞ்சிகாவத்தையில கேட்டுப் பாப்பம், நான் அடுத்த மாசம் போவன்.

ஆரையூரான்:

எல்லாருக்கும் நிலவரம் சொல்லோணும் எண்டு வந்தன். பாலத்தடி மச்சான்ட ஸ்பனர் கைக்கு வந்திட்டு, நட்டு ஒண்டும் வழுகல்ல. ஹெட் கழண்டுட்டு, பிஸ்ரன் நடுவில நிண்டது, கொதிதண்ணி ஊத்தித் தட்டத் தட்ட பரல் மேல வந்திட்டு. போர்ல ஒரு பக்கம் றிங் நிண்ட இடத்தில கோடு மாதிரி குழி இருக்கு, நகத்தால தடவினா தட்டுப்படுது. கேஸையும் பிளந்தன், காக்கா சொன்னது அச்சொட்டா சரி, உள்ளுக்க சிவப்புச் சேறு, ஒரு பெரிங் சுத்துதே இல்ல, மற்றது சுத்துது ஆனா கரகர எண்டு கேக்குது. சீல் ரெண்டும் விரலால தொட நொருங்கிச்சு. மெக்னற் பக்கத்துக்கு சேறு போகல்ல, பொயின்ற் துடைச்சு சில்ல கையால சுத்திப் பாத்தன், பிளக்கில நீலப் பொறி வருது.

டேங்க் விநாகிரியில கிடக்கு, அக்கா சொன்ன மாதிரி தண்ணி மாத்திக்கொண்டு வாறன், அடி வெள்ளயா தெரியத் தொடங்கிட்டு. பச்சை பெயின்ட்ட சுரண்டல்ல. சீ.ஆர் புத்தகத்த கொண்டுபோய் மாமாக்கு காட்டினன், அதில அம்மப்பாட கையெழுத்து இருக்கு. கொழும்பு ஆளுக்கு இல்லை எண்டு சொல்லிப்போட்டன் எண்டு அடுத்தநாள் அவரே கோல் எடுத்தார், பேர் மாத்த கையெழுத்தும் வைக்கிறாராம், ஓட்டினா முதல் தன்னைத்தான் ஏத்தோணுமாம்.

காக்கா, கிராங்கும் பரலும் கொண்டுவாறதுக்கு எப்ப வசதி? பிஸ்ரன் இங்கிலாந்தில இருந்து எடுக்க முதல் சைஸ் சொல்லோணும், 20 தௌ ஓவர்சைஸ் காணுமா 40 வேணுமா எண்டு நீங்க அளந்து சொன்னாத்தான் நான் இங்கிலாந்தில இருக்கிற மச்சானுக்கு மெசேஜ் போடலாம்.

கல்முனை லேத்:

தம்பி, நகத்துக்குத் தட்டுப்படுது எண்டா றிங் மட்டும் மாத்தி வேலையில்ல, போர பெரிசா வெட்டத்தான் வேணும். 20ல அந்தக் குழி எடுபட்டா 20தான் நல்லம், இன்னொருக்கா வெட்ட இடம் மிஞ்சும். பரல அளக்காம ஒண்டும் ஓடர் பண்ண வேணாம், பிஸ்ரன் கைக்கு வந்தாப்பிறகுதான் போர வெட்டுவன், பிஸ்ரனுக்குத்தான் போர் வெட்டுறது. வெட்டினாப்பிறகு ஓட்டைகள்ட விளிம்பையும் லேசா மழுக்கித் தருவன், இல்லாட்டி றிங் கொழுவி உடையும்.

வெள்ளிக்கிழமை ஜும்மாக்கு கடை பூட்டு, சனிக்கிழமை காலமை வாங்க. கிராங், பரல், பழைய பிஸ்ரன், கழட்டின பெரிங் எல்லாத்தையும் கொண்டுவாங்க, பெரிங்ட நம்பர் கறளில தெரியாட்டி அளந்து எடுப்பம். கேஸ் ரெண்டையும் கழுவி கொண்டுவந்தா புதுப் பெரிங்கையும் அங்கயே சூடாக்கி இறக்கித் தருவன். கிராங்க சுத்திற துணிக்கு நல்லா எண்ணெய் விடுங்க, ஆரையம்பதியில இருந்து வாறதுக்குள்ளயும் உப்புக் காத்துப் படும்.